உருமாற்றத்தில் தொலையும் குரல்கள்

வீட்டு அலமாரிகளில் கிடக்கும் ஒளிநாடாக்களில் திருமணக் காட்சிகள், ஊர்க் கொடை விழாக்கள், தெருக்கூத்து, மறைந்துபோன பெரியவர்களின் பேச்சு என வேறெங்கும் பிரதி இல்லாதவை நிறைய இருக்கின்றன. விஎச்எஸ் நாடாவை ஓட்டும் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. கருவிகள் குறையக் குறைய, ஒரு நாடாவை மறுபடியும் ஓட்டிப் பதிவெடுக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே, இன்று ஒரு நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றும்போது நேரும் பிழை, பெரும்பாலும் என்றென்றைக்கும் நிலைத்துவிடும் பிழை.

இத்தகைய கோப்புகளைச் சீர்செய்யக் கேட்டு நண்பர்களும் ஆய்வு மாணவர்களும் என்னிடம் வருவதுண்டு. நான் பார்த்தவரையில், நாடா சிதைந்ததால் வந்த கேடுகளைவிட, மாற்றியவர்களின் அவசரத்தால் வந்த கேடுகளே அதிகம். அவற்றில் பலவற்றைத் தவிர்க்கவும் சிலவற்றைச் சரிசெய்யவும் உதவும் கருவி, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விஎல்சி, குரோம் போன்ற செயலிகள் காணொளியை ஓடவைப்பதற்குப் பின்னால் இதன் நிரல் நூலகங்கள் இருக்கின்றன. இதற்கு அழகான பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதனாலேயே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால், பொத்தான் செயலிகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதை மறைத்துவிடுகின்றன. கட்டளைவரிக் கருவியோ தான் செய்வதையும் செய்ய முடியாததையும் வரிக்கு வரி சொல்லிவிடுகிறது.

அது சொல்வதைப் படிக்க ஓர் அடிப்படை வேறுபாடு தெரிய வேண்டும். ‘எம்பி4’ என்பது அடுக்குப் பாத்திரம் போன்ற ஒரு கொள்கலன். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, சில வேளைகளில் இன்னோர் அடுக்கில் துணையுரை. ஒவ்வோர் அடுக்கிலும் இருப்பது எம்முறையில் சுருக்கப்பட்டது என்பது வேறு விஷயம். அதைக் கோடெக் என்பார்கள். ஒரு கோப்பு தொலைக்காட்சியில் ஓடவில்லை என்றால், குறை பாத்திரத்திலா பதார்த்தத்திலா என்பதே முதல் கேள்வி. எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் ‘எஃப்எஃப்ப்ரோப்’ இதை நொடியில் காட்டிவிடும். பாத்திரத்தில்தான் குறை என்றால், ‘காப்பி’ என்ற ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் போதும். உள்ளிருப்பதைத் தொடாமல் வேறு கொள்கலனுக்கு மாற்றிவிடும். ஒரு மணி நேரக் காணொளிக்குச் சில விநாடிகளே ஆகும், தரம் அணுவளவும் குறையாது. இது தெரியாமல் ஒவ்வொரு முறையும் மறுபடி சுருக்குகிறவர்கள், நகலின் நகலை நகலெடுத்து எழுத்தை மங்கச்செய்பவர்களைப் போன்றவர்கள்.

அதிகமாக என்னிடம் வரும் புகார், வாயசைவும் ஒலியும் பொருந்தவில்லை என்பது. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் கைவைத்தால் நோய் முற்றும். தொடக்கத்திலும் முடிவிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால், ஒலி மொத்தமாகத் தள்ளிப்போயிருக்கிறது. அந்த அளவுக்கு நகர்த்தினால் தீர்ந்தது. போகப்போக விலகல் கூடினால் காரணம் வேறு.

ஆய்வு மாணவர் ஒருவர் விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பதிவுசெய்திருந்தார். படம் கேமராவில்; ஒலி தனிப் பதிவுக் கருவியில். தொடக்கத்தில் மத்தளத்தின் அடியும் ஓசையும் ஒன்றாக விழுந்தன. எட்டு மணி நேரம் கழித்து, கை தோலைத் தொட்டு ஏறக்குறைய மூன்று விநாடிகளுக்குப் பிறகே ஓசை வந்தது. ஒலியை ஒன்றரை விநாடி முன்னே நகர்த்திப் பார்த்திருக்கிறார். நடுப்பகுதி பொருந்தியது, இரு முனைகளும் கெட்டன. இரண்டு கருவிகளுக்குள்ளும் தனித்தனிப் படிகக் கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே மணிக்கு 0.36 விநாடி விலகும். எட்டு மணி நேரத்துக்கு 2.88 விநாடி. அவருடைய கணக்கும் அதுதான். முதல் அடியையும் கடைசி அடியையும் அளந்து, ஒலியை 1.0001 மடங்கு விரைவுபடுத்தச் சொல்லும் ஒரு வடிகட்டியைக் கட்டளையில் சேர்த்தோம். சுருதியில் காதுக்கு எட்டும் மாற்றம் எதுவும் இல்லை. கட்டியங்காரனின் நகைச்சுவை உரிய இடத்தில் விழுந்தது. கூத்தில் அரை விநாடி பிந்தினால்கூட நகைச்சுவை செத்துவிடும் என்பதை எந்த நடிகரும் சொல்வார்.

விலகல் இதைவிடப் பெரிதாக இருந்தால், விகிதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மணிக்கு 3.6 விநாடி என்றால், விநாடிக்கு 29.97 சட்டகங்கள் கொண்ட காணொளியை 30 என்று யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடத்தைத் தாண்டி, பாட்டியின் குரல் தாத்தாவின் குரலாகத் தடித்திருந்தால், விநாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட ஒலி 44,100 என்று தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அளந்து வகுத்துப் பார்க்கும் பழக்கம் போதும்.

திருத்த முடியாத வகையும் உண்டு. இந்தியாவில் வழங்கிய பால் முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளுமாக, வெவ்வேறு கணங்களில் பதிந்த இரண்டு பாதிகள். கணினித் திரையில் இவை ஒன்றாகத் தெரியும்போது, அசையும் கையின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும். முறையான வடிகட்டியால் பாதிகளைப் பிரித்து, விநாடிக்கு 50 சட்டகங்களாக்கினால் அசைவு வழவழப்பாகக் கிடைக்கும். ஆனால், பிரிக்காமலேயே படத்தின் உயரத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ விட்டால், இரு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அதன்பின் அவற்றைப் பழையபடி பிரிக்க இயலாது. ‘எச்டி தரத்துக்கு உயர்த்தித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்த கடையிலிருந்து வந்த ஒரு திருமணக் காணொளியில் இதைத்தான் கண்டேன். மணமகள் மாலை மாற்றும் ஒவ்வோர் அசைவிலும் இரட்டைக் கைகள். நல்லவேளையாக, அந்தக் குடும்பம் நாடாவைத் தூக்கி எறிந்திருக்கவில்லை.

கைப்பேசிப் பதிவுகளில் வேறொரு ஆபத்து. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்னும் பொருளடக்கம் பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்கலம் தீர்ந்துவிட்டால், உள்ளடக்கம் முழுதும் இருந்தும் பொருளடக்கம் இல்லாத புத்தகமாகக் கோப்பு நின்றுவிடும். ‘மூவ் ஆட்டம் கிடைக்கவில்லை’ என்று எஃப்எஃப்எம்பெக் சொல்வது இதைத்தான். உடனே அழித்துவிடாதீர்கள். அதே கைப்பேசியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று இருந்தால், அதை மாதிரியாகக் கொண்டு பொருளடக்கத்தை மறுபடி கட்டமைக்கும் ‘அன்ட்ரங்க்’ போன்ற கருவிகள் பல வேளைகளில் பதிவை மீட்டுவிடுகின்றன. கணினியில் நீண்ட நேர்காணல் எடுப்பவர்கள் முதலில் எம்கேவி கொள்கலனில் பதிந்துவிட்டுப் பின்னர் மாற்றிக்கொள்வது நல்லது; அது பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம்வரை ஓடும்.

பிழைச்செய்தியைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘மாற்றம் தோல்வி’ என்று அறிவிக்கும் கடைசி வரி தீர்ப்பு மட்டுமே. அதற்கான காரணம் சில வரிகள் மேலே இருக்கும். உயரம் இரண்டால் வகுபடவில்லை என்று இருக்கலாம். வட்டில் இடமில்லை என்று இருக்கலாம். கட்டளையில் சொற்களின் வரிசையும் முக்கியம். ஒரு விருப்பத்தேர்வு தனக்குப் பின்னால் வரும் கோப்பையே கட்டுப்படுத்தும். இடம் மாறினால் அதே சொல்லுக்கு வேறு பொருள். ‘ஆம்’ என்று முன்கூட்டியே ஒப்புதல் தரும் ‘ஒய்’ எழுத்தை மட்டும் எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதவா என்று கருவி கேட்பது தொல்லை அன்று, பாதுகாப்பு.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. துணையுரையைப் படத்தின் மேல் பதிக்கும்போது ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்துகள் சிதறியிருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். நிறுவப்பட்ட எஃப்எஃப்எம்பெக், எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ நூலகத்தின் துணையில்லாமல் உருவாக்கப்பட்டிருந்தால் இப்படி நேரும். புதிய பதிப்பை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகளோ பொருளற்ற குறிகளோ வந்தால், உரைக்கோப்பு பழைய எழுத்துரு முறையில் இருக்கிறது என்று பொருள். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

நாடாவைக் கடையில் கொடுப்பவர்கள் ‘எத்தனை ஜிபி வரும்’ என்று கேட்பதே ஒரு சோதனை. மினிடிவி நாடாவில் இருப்பதை அப்படியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி வரும். ஒரு ஜிபியில் அடக்கித் தந்தால், மீதி எங்கோ கழிந்துவிட்டது. விஎச்எஸ் நாடாவாக இருந்தால், இழப்பின்றிச் சுருக்கும் எஃப்எஃப்வி1 கோடெக்கில் மூலப்படியைக் கேளுங்கள். 2021-இல் இணையப் பொறியியல் பணிக்குழு ஆவணமாக்கி வெளியிட்ட, எவருக்கும் உரிமைக் கட்டணம் தர வேண்டியிராத முறை அது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சிறிய பிரதியை அதிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோப்பு கைக்கு வந்ததும் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடைசி ஐந்து நிமிடங்களை ஓட்டி, வாயசைவையும் ஒலியையும் ஒப்பிட்ட பிறகே நாடாவைப் பெட்டியில் வையுங்கள்.