டெஸ்ட் பாஸ் ஆச்சு, பேக்கேஜ்?

ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்கள் பலரும் சேர்ந்து வளர்த்தது. ‘பெரம்பலூர்’ என்ற சொல்லை பைத்தானோட லென் ஃபங்ஷனிடம் கொடுத்தா 10னு சொல்லும். நாம எண்ணினா 6 எழுத்துதான்: பெ, ர, ம், ப, லூ, ர். யூனிகோடில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் வர்ற குழப்பம் இது. ஓப்பன்-தமிழ் சரியா ஆறாகப் பிரிச்சுத் தரும். அரியலூருக்கு 8க்குப் பதிலா 5.

இதுக்கு டெஸ்ட் எழுதுறது சுலபம். கோடை மாற்றி கிட்ஹப்பில் புஷ் பண்ணினதும் ஒரு சர்வர் தானாகவே எல்லா டெஸ்ட்டையும் ஓட்டிடும். பச்சை டிக் விழுந்தா நிம்மதி. ஆனா அந்த டெஸ்ட் எதைச் சோதிச்சது? பெரும்பாலும் ரெப்போ ஃபோல்டரில் கிடக்கிற கோடை. பயனர் பிப் இன்ஸ்டால் பண்ணும்போது அவர் கைக்குப் போறது ‘வீல்’ என்கிற பேக்கேஜ். (திறந்து பார்த்தா சாதாரண ஜிப் ஃபைல்தான்.) அரியலூர் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் தரமா இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு மூட்டையை லாரியில் ஏத்த மாட்டாங்க. அரைச்சு முடிச்ச சிமெண்ட்டிலேயே கியூப் போட்டு உடைச்சுப் பார்ப்பாங்க. சிவில் நண்பர்களைக் கேளுங்க.

ரெப்போவுக்கும் வீலுக்கும் நடுவே என்ன தொலையும்? முக்கியமா டேட்டா ஃபைல்கள். ஒரு தமிழ் எழுத்துப்பிழை திருத்திக்குச் சொற்பட்டியல் வேணும். அது பைத்தான் கோடு இல்லை, வெறும் டெக்ஸ்ட் ஃபைல். பில்ட் செட்டிங்கில் தனியா குறிப்பிடலேன்னா அது வீலுக்குள் போகாமலே விடுபடலாம். டெவலப்பர் மெஷினில் அந்த ஃபைல் பக்கத்திலேயே இருக்கு, அதனால டெஸ்ட் பாஸ். குன்னத்தில் ஒரு மாணவி இன்ஸ்டால் பண்ணினா ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’. தமிழில் ஏதாவது செய்யலாம்னு வந்த பொண்ணு, தப்பு தன் மேலன்னு நினைச்சு அத்தோட விட்டுடுவா. எனக்கு உறுத்துறது இதுதான்.

பைபிஐயில் ஏத்தினப்புறம் சத்தமில்லாம மாற்றவும் முடியாது. ஒருமுறை பயன்படுத்திய ஃபைல் பெயரை, அழிச்சாலும் அங்கே மறுபடி ஏத்த விடமாட்டாங்க. புது வெர்ஷன் எண்தான் போடணும்.

அதனால ஒவ்வொரு புஷ்ஷுக்கும் வீலையே பில்ட் பண்ணச் சொல்லுங்க. காலியான ஒரு புது விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் அதை இன்ஸ்டால் பண்ணி, டெஸ்ட் ஃபைல்களை மட்டும் வேற ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, அங்கிருந்து ஓட்டுங்க. ஃபோல்டர் மாறுறதைத்தான் பலர் விட்டுடறாங்க. பைத்தான் பெரும்பாலும் நீங்க நிக்கிற ஃபோல்டரில்தான் முதலில் தேடும். ரெப்போவுக்குள்ளேயே நின்னா இன்ஸ்டால் ஆன பேக்கேஜை விட்டுட்டு பக்கத்தில் இருக்கிற கோடை எடுத்துக்கும், மறுபடி பொய்யான பச்சை டிக்.

வெறும் பைத்தான் கோடா இருந்தா இதுக்கு அதிக நேரம் பிடிக்காது. சி கோடு கலந்திருந்தா ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனி வீல், கொஞ்சம் தலைவலிதான்.

ரிலீஸ் அன்னைக்கு மறுபடி பில்ட் பண்ணாதீங்க. டெஸ்ட் பாஸ் ஆன அதே வீல் ஃபைலை ஆர்ட்டிஃபேக்ட்டா சேமிச்சு வெச்சு, அதையே ஏத்துங்க.