வழி பிரியும் இடத்தில்



திருகோணமலை நகரை அண்டிய அன்புவழிபுரத்தின் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அன்பே வழியென்று ஓர் ஊருக்கே பெயர்! ஆனால் சினம் மூண்ட வேளையில் அந்த வழி எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? வள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கிறிஸ்தவ மரபின் விடை அமைதியான செபம். அந்த விடை எளிதில் கிடைத்ததன்று.

1522ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, மனம் திரும்பிய ஸ்பானியப் போர்வீரர் லொயோலா இஞ்ஞாசியார், கோவேறு கழுதையில் மொன்செராத் மலைக்கு யாத்திரை போகிறார். வழியில் சேர்ந்துகொண்ட மூர் இனத்தவர் ஒருவருடன் அன்னை மரியாளைப் பற்றி வாக்குவாதம். அவர் முன்னே போய்விட்டார்; இவருக்கோ நெஞ்சு கொதிக்கிறது. துரத்திப் போய்க் குத்துவதா, விடுவதா? முடிவெடுக்க முடியாமல் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். வழி பிரியும் இடத்தில் கழுதை அவர் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்துவது, இல்லையேல் விடுவது. ஊர்ப்பாதை அகலமாய் நன்றாய் இருந்தும் கழுதை மற்றதிலே போயிற்று. கழுதையின் புண்ணியத்தில் ஓர் உயிர் தப்பியது! பக்தி சினத்தை எப்போதும் அணைப்பதில்லை. சிலவேளை எண்ணெயும் வார்க்கும். இதை மறைக்காமல் சொல்லிவைத்தவர் இஞ்ஞாசியாரே.

அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548இல் அச்சேறியது. அதிலே, அன்று கழுதையிடம் விட்ட வேலையைச் செபத்திடம் ஒப்படைக்கிறார். மனம் இருண்டு கலங்கும்போது முன்னர் எடுத்த முடிவை மாற்றாதே. செபத்தை விட்டு எழுந்துவிடத் தோன்றினால் குறித்த நேரத்திலும் சற்றுக் கூடுதலாக இரு என்கிறார். இன்னொரு முறையும் உண்டு: கர்த்தர் கற்பித்த செபத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்வது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே அந்தச் சொல்லின் பொருளில் மனம் நிற்க வேண்டும். கோபத்தில் மூச்சு இரைக்கும் என்பது நாமறிந்ததே. அவசரமாகச் சொல்ல முடியாத செபம் இது. கோபம் போய்விடுவதில்லை, கோபத்துக்கும் கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் பிறக்கிறது. கெத்செமனியில் இயேசுவே துயரத்தால் கலங்கி, அதே சொற்களால் திரும்பத் திரும்பச் செபித்ததாக மத்தேயு எழுதுகிறார். ஒரே தடவையில் அடங்கிய துயரமா அது?

இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையின் குருமார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருகோணமலைக்கு வந்தவர்கள். பின்னாளில் வந்த அமெரிக்கர் யூஜின் ஹீபர்ட் அடிகளார், இங்குள்ள புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார், போய்ச் சேரவில்லை. உடன் சென்ற இளைஞரும் திரும்பவில்லை.

இப்படிக் காணாமற்போனோரின் வீடுகள் இம்மாகாணத்தில் எத்தனை! யார்மீது சினப்பது என்றுகூடத் தெரியாத சினம் அங்கே குடியிருக்கிறது. அவர்களிடம் போய்க் கோபப்படாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. மூச்சுக்கு ஒரு சொல்லாகச் செபியுங்கள் எனலாமா? பக்கத்தில் அமர்ந்து, அவர்களோடு சேர்ந்து நாமும் சொல்வதானால், சொல்லலாம்.