இரைச்சலுக்குள் ஒரு வரலாறு

(பத்தாம் வகுப்பு மாணவி)

'ஹெவி மெட்டல்' என்னும் மேனாட்டு இசையின் பெயரைக் கேட்டதுமே பெரியவர்கள் காதைப் பொத்திக் கொள்வர். அதில் நியாயமும் உண்டு! ஆயினும் அந்த இரைச்சலுக்குள் ஓர் இனத்தின் துயரக் கதை இருக்குமானால், சற்றுச் செவி கொடுக்கலாம் அல்லவா? 1998-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' என்னும் இசைத்தொகுப்பு அத்தகையது. அதை உருவாக்கிய குழுவின் பெயரும் அதுவே.

குழுவினர் நால்வர். பாடகர் செர்ஜ் டாங்கியனும் டிரம்ஸ் வாசிக்கும் ஜான் டோல்மயனும் லெபனான் நாட்டுப் பெய்ரூட்டில் பிறந்தவர்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஷாவோ ஒடாஜியன் ஆர்மீனியாவின் எரெவான் நகரில் பிறந்தவர். பெரும்பாலான பாடல்களுக்கு இசையமைத்த கிட்டார் கலைஞர் டேரன் மலாக்கியன் மட்டுமே அமெரிக்காவில் பிறந்தவர். நால்வரும் ஆர்மீனிய இனத்தவர். பின் ஏன் இப்படித் திசைக்கொருவராய்ப் பிறந்தனர்? அதை அறிய 1915-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆர்மீனியருள் பெரும் பகுதியினர் துருக்கியரின் ஒட்டோமன் பேரரசில் வாழ்ந்தனர். ஏப்ரல் 24-ஆம் நாள் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். பின்னர் ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டு, சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். முதியோர், பெண்கள், குழந்தைகள் என்ற வேறுபாடு இல்லை. கொலையாலும் பசியாலும் மாண்டவர் 15 லட்சம் பேர் என்பது ஆர்மீனியர் கூறும் கணக்கு. உயிர் தப்பியோர் லெபனான், சிரியா எனப் பல நாடுகளில் தஞ்சம் புகுந்தனர். டாங்கியனின் தாத்தாவும் அப்படித் தப்பிப் பிழைத்தவரே. இதனை இனப்படுகொலை என ஏற்கத் துருக்கி அரசு இன்றுவரை மறுத்து வருகிறது.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலாரும் அல்லர். சென்னை அரண்மனைக்காரத் தெருவின் ஆங்கிலப் பெயர் ஆர்மீனியன் தெரு. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது சென்னையில்தான்!

இனி இசைக்கு வருவோம். இவர்களுடையது 'ஆல்டர்நேட்டிவ் மெட்டல்', அதாவது ஹெவி மெட்டலோடு பிற இசை வகைகளையும் கலந்து பாடுவது. கிட்டாரின் தந்திகள் வழக்கத்தைவிடத் தாழ்த்திச் சுருதி கூட்டப்படுகின்றன. மிகத் தடித்த தந்தி மற்றவற்றைவிட இன்னும் தாழ்த்தப்படுகிறது. அதனால் ஒரே விரலை மூன்று தந்திகளின் மேல் வைத்தாலே கனத்த ஒலி எழும். விரலை விரைவாக நகர்த்தவும் முடியும். டாங்கியனின் குரலோ ஒரே பாடலில் முணுமுணுக்கும், கேலி செய்யும், கர்ஜிக்கும், திடீரெனத் துயரத்தோடு இழுத்துப் பாடும். சில பாடல்களில் வீட்டில் உரக்கச் சொல்லத் தகாத சொற்களும் உள்ளன; அவற்றை நான் பாராட்ட மாட்டேன். மெதுவாகச் செல்லும் 'ஸ்பைடர்ஸ்' என்ற பாடலிலிருந்து தொடங்குவது புதிதாகக் கேட்போருக்கு நல்லது.

பெரிய நிறுவனத்தின் வழியாக இவர்கள் வெளியிட்ட முதல் தொகுப்பு இது. தயாரித்தவர் புகழ்பெற்ற ரிக் ரூபின். இத்தகைய வாய்ப்புக் கிடைத்த புதியவர்கள் எவர் மனமும் கோணாதபடி பாடவே விரும்புவர். இவர்களோ பதின்மூன்று பாடல்களுள் கடைசியானதை 1915-இல் மாண்டவர்களுக்கே காணிக்கையாக்கினர். 'பி.எல்.யூ.சி.கே.' என்பது அதன் பெயர். 'பொய் பேசும் கோழைக் கொலையாளிகள்' என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அந்நாளில் அமெரிக்க அரசே அக்கொடுமையை இனப்படுகொலை என்று சொல்லத் தயங்கி வந்தது என்பதை நினைத்தால், இவர்களின் துணிவு விளங்கும். வரலாற்று நூலைத் தொடாத எத்தனையோ இளைஞர்கள் ஆர்மீனியர் என்ற பெயரை முதன்முதலாக அறிந்தது இக்குழுவினரால்தான்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2019-இல் அதனை இனப்படுகொலை என ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின. அதற்கு முன்பே, நூறாவது நினைவு நாளுக்கு முந்தைய மாலை, 2015 ஏப்ரல் 23 அன்று, இக்குழுவினர் முதன்முறையாக ஆர்மீனிய மண்ணில் பாடினர். எரெவான் குடியரசுச் சதுக்கத்தில் நடந்த அந்நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை. மழை பெய்தது, கூட்டம் நனைந்தபடியே நின்று கேட்டது.