ஏற்றத்தில் எரித்த பெற்றோல் இறக்கத்தில் எங்கே போகிறது?

2022 ஜூன் 26ஆம் திகதி இலங்கையில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அடுத்த மாதமே கியூஆர் முறை வந்தது. ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். கொழும்பில் சமதரையில் ஓடுகிறவருக்கும் அதே 5 லீற்றர். மீரியபெத்தவிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கி ஏறுகிறவருக்கும் அதே 5 லீற்றர். மலையில் அந்த 5 லீற்றர் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது அந்த வாரங்களில் ஊவாவின் ஓட்டோ சாரதிகளுக்கு நன்றாகவே விளங்கியது.

மீரியபெத்தவை வெளியூர்க்காரர்கள் அறிந்தது 2014 அக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மூடிய மண்சரிவினால்தான். அந்த மலையின் அடிவாரத்தில் போகிறது கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 வீதி. வெல்லவாயவில் சுமார் 200 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த வீதி, தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறுகிறது. அங்கிருந்து ஒரு கிளை அப்புத்தளைக்கு மேலேறும். அப்புத்தளையின் உயரம் 1,400 மீற்றருக்கு மேல். ஆக, வெல்லவாயவில் புறப்பட்டு அப்புத்தளை சேரும் வண்டி 1,200 மீற்றர் உயர்ந்திருக்கிறது.

இதற்கு என்ன செலவு? ஓட்டோவும் சாரதியும் மூன்று பயணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 600 கிலோ என்று வைப்போம். இந்தப் பாரத்தை 1,200 மீற்றர் தூக்க சுமார் 70 இலட்சம் ஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 320 இலட்சம் ஜூலுக்கு மேல் இருக்கிறது. ஆனால் சிறிய எஞ்சினில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சில்லுக்கு வந்து சேரும். மிச்சம் புகைக்குழாய் வழியாகவும் எஞ்சின் சூடாகவும் போய்விடும். ஆகவே உயரத்துக்கு மட்டுமே ஏறத்தாழ ஒரு லீற்றர் போகிறது. வீதியில் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் ஆகும் செலவு தனி. 50 கிலோ மாமூடை ஒன்றைக் கூடுதலாக ஏற்றினால், அந்த உயரத்துக்கு அதன் பங்கு மட்டும் 90 மில்லிலீற்றர்.

வேகமாக ஏறினாலும் மெதுவாக ஏறினாலும் இந்த ஒரு லீற்றரிலிருந்து தப்ப முடியாது. வீதி எத்தனை வளைவு வளைந்தாலும் உயரம் குறையாது. பதுளைக்கு 1924இல் ரயில் பாதை போட்ட பொறியியலாளர்கள் தெமோதரையில் தண்டவாளத்தை ஒரு வட்டமாகச் சுற்றவிட்டு, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் கொண்டுபோனார்கள். மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் செங்குத்து கூடாது என்பது அவர்கள் வைத்த எல்லை. சுற்றினால் எஞ்சினுக்குத் திணறல் குறையும். உயரத்தின் விலை குறையாது. வளைந்து வளைந்து ஏறும் பெரகலை வீதிக்கும் இதே கணக்குத்தான்.

இனி இறக்கம். ஏறும்போது செலவழித்த 70 இலட்சம் ஜூலும் இப்போது வண்டியின் உயரத்தில் சேமிப்பாக நிற்கிறது. திரும்பி வெல்லவாயவுக்கு இறங்கும்போது அதில் ஒரு பகுதி வண்டியை உருட்டவும் காற்றைக் கிழிக்கவும் பயன்படும். அந்தத் தூரத்துக்குப் பெற்றோல் வேண்டியதில்லை. செங்குத்தான இடங்களில் எஞ்சுவது பிரேக்குக்குப் போகிறது, அங்கே வெறும் சூடாகிறது. முழுச் சேமிப்பும் சூடானால் 20 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பெற்றோலைத்தான் காற்றில் விடுகிறோம். மலைவீதியில் சிக்கனம் என்பதில் பெரும்பகுதி இந்தப் பிரேக்கைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

உடனே பலருக்கும் தோன்றுவது நியூட்ரல். இறக்கத்தில் கியரை விலக்கிவிட்டால் எண்ணெய் மிச்சம் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. கார்புரேட்டர் வண்டியில் மிச்சப்படுவது சொற்பம். ஐட்லிங்கில் எஞ்சின் ஓடவும் பெற்றோல் போய்க்கொண்டேதான் இருக்கும். பியூவல் இன்ஜெக்சன் உள்ள வண்டியில் நம்பிக்கை தலைகீழாகிறது. கியரில் விட்டு எக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சில்லே எஞ்சினைச் சுழற்றும். கணினி பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலுக்கு மாற்றிய கணமே, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க மறுபடி பெற்றோல் பாயும். இதைவிட மோசமானது, இறக்கத்தின் பாரம் முழுவதையும் பிரேக் தனியே தாங்க வேண்டியிருப்பது. சூடேறிய டிரம்மில் பிரேக் சூ பிடிப்பை இழக்கும், மிதி கீழே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வதில் உயிரும் இருக்கிறது, சிக்கனமும் இருக்கிறது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. அதற்கும் எல்லை உண்டு. அக்குவா, பிரியஸ் போன்றவை இறக்கத்தில் மோட்டாரை மின்னாக்கியாகத் திருப்பி பற்றரியை நிரப்பும். நாலு பேரோடு 1,300 கிலோ வரும் கார் 1,200 மீற்றர் இறங்கும்போது விடுபடுவது மின்சாரக் கணக்கில் நான்கு யூனிட்டுக்கு மேல். பழைய அக்குவாவின் பற்றரியோ ஒரு யூனிட்டைக்கூட முழுதாகக் கொள்ளாது. அதிலும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்த விடுவார்கள். பெரகலையிலிருந்து இறங்கத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே பற்றரி நிரம்பிவிடும். அதன்பிறகு கியர் தண்டில் 'B' என்று இருக்கும் இடத்துக்கு மாற்றினால், எஞ்சினைச் சும்மா சுழற்றி மிச்ச வேகத்தைக் கார் அடக்கிக்கொள்ளும். அந்த எழுத்து அங்கே இருப்பதே இப்படிப்பட்ட நீண்ட இறக்கங்களுக்காகத்தான்.

உயரத்தின் இன்னொரு விளைவு காற்றில் இருக்கிறது. அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட 13 சதவீதம் வரை குறைவு. கீழே வெல்லவாயவில் டியூன் செய்த கார்புரேட்டர், மேலே வந்தும் அதே அளவுக்குப் பெற்றோலை விடப் பார்க்கும். காற்று போதாது, கலவை தடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஓடிவந்த வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் கலவை சரி. கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெற்றோல் முழுதாக எரியவில்லை. வெளுத்திருந்தால் பெற்றோல் போதாமல் எஞ்சின் அதிகம் சூடாகிறது. தோட்டத்து மண்ரோட்டுத் தூசியால் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் கார்புரேட்டர் வண்டியில் பிளக் கறுக்கும். ஆகவே கார்புரேட்டரில் கைவைக்கும் முன் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பது புத்தி. இன்ஜெக்சன் வண்டிகள் காற்றழுத்தத்தை அளந்து தாமே திருத்திக்கொள்ளும்.

டயரையும் மறக்கக் கூடாது. நான்கு டயரிலும் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் செலவு சராசரியாக 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. கேட்கச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் 10 பிஎஸ்ஐ இறங்கிய டயரோடு மாதக்கணக்கில் ஓடுகிற வண்டிகள் எத்தனையோ. காற்றைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். இறக்கம் இறங்கிச் சூடேறிய டயர் மீற்றரில் கூடுதலாகக் காட்டும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வானில் தோட்டத்துக்கு வருகிறவர்கள் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடித்தால் விதி மாறுகிறது. 2020இல் மத்தள வரை நீட்டப்பட்ட அந்தப் பாதையில் உயரம் ஒரு பொருட்டில்லை, எதிரி காற்றுத்தான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80இலிருந்து 100 கிலோமீற்றருக்குப் போனால் தடை 56 சதவீதம் கூடும். கூரையில் கட்டிய பெட்டிகள் அதை இன்னும் கூட்டும். அங்கே மிச்சம் பிடிக்க ஒரே வழி வேகத்தைக் குறைப்பது. மலை தொடங்கியதும், வளைவை முன்கூட்டியே பார்த்துக் காலை எடுப்பவர் மிச்சம் பிடிப்பார். வளைவு வரை மிதித்துப் போய்ப் பிரேக் போடுபவர் இழப்பார்.

இவற்றில் எது உங்கள் வண்டிக்குப் பலன் தருகிறது என்று அறிய, ஒரே பெற்றோல் செட்டில் தாங்கியை நிரப்பிப் புறப்பட்டு, போய்த் திரும்பி, அதே செட்டில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாவது முறை பிடித்த லீற்றரால் வகுங்கள். ஏற்றத்தை மட்டும் அளந்தால் வண்டி குடிகாரனாகத் தெரியும். இறக்கத்தை மட்டும் அளந்தால் விரதம் இருப்பதாகத் தெரியும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயரையும் பிளக்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது காசைக் காப்பாற்றியது என்று கண்டுபிடிக்க முடியாது.