உயிர்வேலியாகும் களா

அலுவலக வளாகங்கள், கல்லூரிகள், நகராட்சிப் பூங்காக்கள் ஆகியவற்றில் நடுவதற்குச் செடிகளைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, கண்ணுக்கு இனிமை தருவது எது என்ற கேள்வியே பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. அச்செடியைச் சார்ந்து எத்தனை உயிர்கள் வாழ முடியும் என்ற கேள்வி எழுவதில்லை. நகரங்கள் விரிந்து புதர்க்காடுகள் சுருங்கிவரும் இந்நாளில், இந்த இரண்டாவது கேள்வி இன்றியமையாததாகிவிட்டது. இதற்கு விடையாக அமையக்கூடிய நம் நாட்டுச் செடிகளுள் களா முதன்மையானது.

செடியின் இயல்பு

களா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1767ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குக் ‘காரிசா கரண்டாஸ்’ என்ற அறிவியற் பெயரைச் சூட்டினார். வட இந்தியாவில் ‘கரோந்தா’ என்றும், மராட்டியத்தில் ‘கர்வந்த்’ என்றும் வழங்கப்பெறுகிறது. இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை வளரும் இச்செடி, ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பது. தடித்த இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். கிளைகளில் வலிய முட்கள் இணையிணையாக நிற்கும். கிளையை ஒடித்தால் வெண்பால் கசியும். முள்ளும் பாலும் உள்ளமையால் கால்நடைகள் இதனை எளிதில் மேய்வதில்லை. இதன் நெருங்கிய உறவான சிறுகளா, ஆரவல்லிக் குன்றுகளிலும் தக்காணத்தின் வறண்ட புதர்க்காடுகளிலும் தானாகவே வளர்கிறது.

பாறை நிலம், உவர் நிலம், வறண்ட நிலம் ஆகிய அனைத்தையும் தாங்கும் தன்மை களாவிற்கு உண்டு. ஒருமுறை வேரூன்றிவிட்டால் மழைநீரைக் கொண்டே வாழும். நீர்ப் பற்றாக்குறையுள்ள நகரங்களில் பூங்கா அமைப்போர் இத்தன்மையைச் சிறப்பாகக் கருத வேண்டும்.

ஒரு புதரில் பல குடிகள்

கோடையின் தொடக்கத்தில் களா வெண்ணிற மலர்களைக் கொத்துக் கொத்தாகத் தருகிறது. நறுமணமும் குறுகிய குழல் வடிவும் கொண்ட இம்மலர்களைப் பகலில் வண்ணத்துப்பூச்சிகளும், இரவில் நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சிகளும் நாடிவருகின்றன. மலரைத் தொடர்ந்து பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தோன்றும் காய்கள், பழுக்கும்பொழுது கருஞ்சிவப்பாகவும் பின்னர் கருமையாகவும் மாறுகின்றன. கொங்கணக் குன்றுகளில் ஏப்ரல், மே மாதங்களிலேயே பழம் கிடைக்கிறது. வட இந்தியத் தோட்டங்களில் மழைக்காலத்தில் மிகுதியாகக் காய்க்கிறது.

கொங்கணத்தில் இப்பழம் முதிரும் காலம், நிலம் காய்ந்து, நீர்நிலைகள் வற்றி, பிற உணவு அருகிவிடும் கடுங்கோடையாகும். அந்நாட்களில் சாறு நிறைந்த ஒரு பழம் கிடைப்பது கொண்டைக்குருவி, மைனா, குயில் முதலிய பறவைகளுக்குப் பெருந்துணையாகும். காட்டை அடுத்த பகுதிகளில் மரநாயும் நரியும் இதனை உண்கின்றன. கரடியின் உணவுப் பட்டியலிலும் களாவினப் பழங்கள் உண்டு.

உணவு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது புகலிடம். பின்னிக் கிடக்கும் முட்கிளைகளுக்கு இடையே கட்டப்படும் கூட்டைப் பூனையோ காகமோ எளிதில் அணுக முடியாது. சிறு பறவைகள் கூடு கட்டுவதற்கும், ஓணான், கீரி ஆகியவை ஒளிந்து வாழ்வதற்கும் முட்புதர் ஏற்ற இடமாகும். மனிதருக்குக் குறையாகத் தோன்றும் முள்ளே இவ்வுயிர்களுக்குக் காவல் எனலாம்.

பறவை விதைக்கும் பயிர்

கனி தரும் செடி எதுவாயினும் போதும் என்று கருதுவது தவறு. இதற்கு உண்ணிச்செடியே சான்று. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட அச்செடியின் கனிகளையும் பறவைகள் விரும்பி உண்டன. உண்ட இடத்திலிருந்து பல காததூரம் விதைகளைப் பரப்பின. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றின்படி, நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டிற்கும் மேலாக, அதாவது ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உண்ணிச்செடி பரவியுள்ளது. அது அடர்ந்த இடத்தில் புல் குன்றுகிறது. புல் குன்றினால் மானுக்கு இரை குறைகிறது.

பறவை ஓர் ஓயாத விதைப்பாளர். அது எதனை விதைக்க வேண்டும் என்பதை, நாம் நடும் செடியே தீர்மானிக்கிறது. வேலியில் உண்ணிச்செடியை வைத்தால் அருகிலுள்ள புறம்போக்கிலும் காட்டிலும் அதுவே முளைக்கும். களாவை வைத்தால் அந்நிலத்திற்கே உரிய செடி மீண்டும் தழைக்கும். இதனால் ஒரு சிறு பூங்காவின் செடித் தேர்வு அதன் சுற்றுச்சுவரோடு நின்றுவிடுவதில்லை.

மக்களுக்குப் பயன்

உயிரினங்களுக்கு உதவும் செடி மக்களுக்கும் உதவினால்தான் அது நிலைத்து நிற்கும். களா இவ்வகையிலும் தகுதியுடையது. காயை ஊறுகாயாகவும் துவையலாகவும் செய்வர். பழத்தில் பெக்டின் மிகுந்திருப்பதால் ஜெல்லி செய்வதற்கு ஏற்றது. விதை நீக்கிய காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செந்நிறமேற்றிச் செர்ரிப் பழத்திற்கு மாற்றாகவும் பயன்படுத்துகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியில், கோடையில் பழங்குடிப் பெண்கள் காட்டுக் களாப்பழங்களைப் பறித்து இலைகளில் வைத்து விற்பதைக் காணலாம். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகமும் தாபோலி வேளாண் பல்கலைக்கழகமும் இதில் மேம்பட்ட வகைகளை வெளியிட்டுள்ளன. வயலைச் சுற்றி வளர்ந்த களா வேலி, முள்கம்பியைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அது ஆண்டுதோறும் காயும் தருகிறது.

வளர்க்கும் முறை

நன்கு பழுத்த பழங்களிலிருந்து எடுத்த விதைகளைச் சதை நீங்கக் கழுவி, காலம் தாழ்த்தாமல் விதைக்க வேண்டும். நாட்பட்ட விதைகளின் முளைப்புத் திறன் விரைவில் குறைந்துவிடும். நாற்றின் தொடக்க வளர்ச்சி மெதுவானது. ஓராண்டு நாற்றை மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் நன்று. வேலிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியும், தனிப்புதராக வளர்க்க இரண்டு முதல் மூன்று மீட்டர் இடைவெளியும் தேவை. விதையிலிருந்து வளர்ந்த செடி பெரும்பாலும் மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும். உயிரினங்களுக்கான தோட்டத்தில் சுற்றுவட்டாரக் காட்டுச் செடிகளின் விதைகளைப் பயன்படுத்துவது சிறந்தது. விற்பனைக்கான தோட்டத்தில் பெருங்காய் வகைகளை நடலாம்.

பராமரிப்பில் ஒரு பிழை பரவலாக நிகழ்கிறது. வேலி நேர்த்தியாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஆண்டு முழுவதும் அதனைக் கத்தரித்துக்கொண்டே இருக்கிறார்கள். களாவின் பூங்கொத்துகள் கிளைநுனிகளில் தோன்றுகின்றன. நுனியை வெட்டினால் பூவும் இல்லை, காயும் இல்லை. எஞ்சுவது பச்சைச் சுவர் மட்டுமே. எனவே பழப்பருவம் முடிந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை, கூடுகள் எவையும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு கத்தரிப்பதே முறை. பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். காய் பறிப்போரும் ஒரு பகுதியைப் பறவைகளுக்கு விட்டுவைப்பது நல்லது. சிறுவர் விளையாடும் இடத்தையும் நடைபாதையின் ஓரத்தையும் விலக்கி நட்டால் முள்ளால் இடையூறு நேராது.

செய்ய வேண்டியவை

ஆரவல்லி மலைத்தொடரில் கைவிடப்பட்ட சுரங்க நிலமொன்றில், மண்ணுக்குரிய மரஞ்செடிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட குருகிராம் பல்லுயிர்ப் பூங்கா, காப்புக்காடுகளுக்கு வெளியே உயிரினப் பாதுகாப்புக்கு உதவும் நாட்டின் முதல் தலமாக 2022ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. சிதைந்த நிலத்தையும் உரிய செடிகளால் மீட்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இதனைப் பின்பற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. அரசு நாற்றங்கால்களில் அழகுச் செடிகளோடு அவ்வட்டாரப் புதர்ச்செடிகளும் வளர்க்கப்பட வேண்டும். கேட்போர் இருந்தும் நாற்று இல்லை என்பதே பல இடங்களில் உள்ள தடை. 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளில் அமைக்கப்படும் மேலாண்மைக் குழுக்கள், தங்கள் எல்லைக்குள் களா முதலியன எங்கெங்கு உள்ளன என்பதை மக்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். விதை திரட்டுவதற்கு அப்பதிவேடே வழிகாட்டியாகும். கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்தில் ஒரு களா வரிசையை வளர்த்து, எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது என்று குறிப்பெடுத்தால், அது ஒரு பயனுள்ள பாடமாக அமையும்.

புதர் என்றால் வெட்டித் தூய்மை செய்ய வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இன்று வெட்டி அகற்றப்படும் அப்புதரில் நாளைய காட்டின் விதை இருக்கக்கூடும் என்பதை உணர்ந்து செயல்படுவது நமது கடமையாகும்.