பொதுச் சந்தை முறிவும் முன்னேற்பாடும்: சிங்கப்பூரின் 1965ஆம் ஆண்டுப் பட்டறிவு

வணிகக் கூட்டமைப்பு ஒன்றிலிருந்து ஒரு நாடு விலகும்போது அதன் சுமையில் ஒரு பங்கு அண்டை நாட்டின் தோள்மீதும் இறங்குகிறது. 2016 ஜூன் 23ஆம் நாள் பிரித்தானிய மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தபொழுது அயர்லாந்து இந்நிலைக்கு ஆளாயிற்று. அந்நாட்டுச் சரக்கு வண்டிகளில் பெரும்பகுதி பிரித்தானியச் சாலைகளின் வழியாகவே ஐரோப்பாவைச் சென்றடைந்து வந்தன. எனவே அயர்லாந்து அரசு 2018 டிசம்பரில் நெருக்கடிக்காலத் திட்டமொன்றை வெளியிட்டது. 2019 மார்ச்சில் பல துறைகளையும் ஒருங்கே தழுவிய சட்டமொன்றை இயற்றியது. டப்ளின் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக் கூடங்களை அமைத்தது. 2021 ஜனவரியில் ராஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் டன்கர்க் நகருக்கு நேரடிக் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. வாக்கெடுப்பு நாளிலிருந்து 2020 டிசம்பர் 31இல் இடைமாற்றக் காலம் முடியும்வரை அவ்வரசுக்குக் கிடைத்த காலம் நான்கரை ஆண்டுகள்.

தமிழருக்கு நெருக்கமான பழைய சான்றொன்றும் உண்டு. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவினின்றும் நிருவாக அடிப்படையில் பிரிக்கப்பட்டது. அதுவரை இரங்கூன் அரிசி சென்னைத் துறைமுகத்தில் உள்நாட்டுப் பொருளாகவே இறங்கியது. செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்கும் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டத் தொழிலாளர்க்கும் வங்கக் கடல் ஓர் எல்லைக்கோடாக இருந்ததில்லை. பிரிவினை 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டமையால், வணிகத்தைப் பொறுத்தமட்டில் பழைய நிலையே சில ஆண்டுகள் தொடர்வதற்கு ஆணையொன்று பிறப்பிக்க இயன்றது.

1965இல் சிங்கப்பூருக்கு இவ்விரண்டில் எதுவும் வாய்க்கவில்லை. நான்கரை ஆண்டும் இல்லை. பழைய நிலையைத் தொடரும் ஆணையும் இல்லை. நம் பள்ளிப் பாடநூல்களில் ஆகஸ்ட் 9 அரசியல் நிகழ்வாகவே இடம்பெறுகிறது. அன்று முறிந்தவற்றுள் ஒரு பொதுச் சந்தையும் அடங்கும் என்பதனை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைப்பது அரிது. இக்கட்டுரை அந்தச் சந்தையைப் பற்றியது.

பின்னிணைப்பு 'ஜே'

1963 ஜூலை 9ஆம் நாள் இலண்டனில் கையொப்பமான மலேசிய உடன்படிக்கையின் பின்னிணைப்பு 'ஜே', கூட்டரசுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பொதுச் சந்தை ஒன்று படிப்படியாக உருவாகும் என வாக்களித்தது. இதற்கு அடித்தளமாக அமைந்தது, பிரெஞ்சுப் பொருளியலறிஞர் ழாக் ருவெஃப் தலைமையில் உலக வங்கி அனுப்பிய குழுவின் அறிக்கையாகும்.

இதிலிருந்த சிக்கலைப் புரிந்துகொள்ளச் சிங்கப்பூரின் இயல்பை நினைவிற்கொள்ளல் வேண்டும். சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகம். எங்கிருந்தோ வரும் சரக்கை இறக்கி, தரம் பிரித்து, வேறெங்கோ அனுப்பிப் பிழைத்த நகர். கூட்டரசோ சுங்கச்சுவர் எழுப்பித் தன் தொழில்களைக் காத்த நாடு. (பினாங்கும் அக்காலத்தில் அச்சுவருக்கு வெளியே நின்ற தீர்வையற்ற துறைமுகமே, 1969இல் அது அத்தகுதியை இழந்தது.) பொதுச் சந்தை அமைய வேண்டுமானால் வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு இரு பகுதிகளும் ஒரே வரியை விதித்தாக வேண்டும். அவ்வாறு விதித்தால் துறைமுக வணிகம் தளரும். விதிக்காவிட்டால் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகள் கூட்டரசுச் சந்தையில் நுழைய இயலாது. இரண்டையும் ஒருசேரக் காக்கும் வழியாக, தெரிந்தெடுத்த பொருள்களுக்கு மட்டும் பொதுவரி விதிக்கவும், அதனைப் பரிந்துரைக்கச் சுங்கவரி ஆலோசனை வாரியம் ஒன்றை நிறுவவும் ருவெஃப் குழு கூறியது.

'சுங்கம்' என்னும் சொல்லே தமிழில் நெடிய வரலாறு உடையது. சுங்கத்தை நீக்கிய அரசனுக்குச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று பட்டம் சூட்டிய மரபு நம்முடையது. முதற் குலோத்துங்கன் தன் நாட்டிற்குள் தானே ஆணையிட்டுத் தவிர்த்தான். இங்கோ இரு நிதியமைச்சர்கள் உடன்பட வேண்டியிருந்தது: கோலாலம்பூரில் தான் சியூ சின், சிங்கப்பூரில் கோ கெங் சுவீ.

உடன்பாடு ஏற்படவில்லை. சிங்கப்பூர் தன் வருவாயில் 40 விழுக்காட்டை நடுவணரசுக்குச் செலுத்தவும், போர்னியோப் பகுதிகளுக்கு 15 கோடி வெள்ளி கடன் வழங்கவும் இசைந்தது பொதுச் சந்தையை எதிர்நோக்கியே எனலாம். கடனும் வருவாய்ப் பங்கும் உடனடியானவை. சந்தையோ பன்னிரண்டு ஆண்டுகளில் கனிய வேண்டியது. 1964 இறுதியில் நடுவணரசு புதிய வரிகளை அறிவித்ததோடு வருவாய்ப் பங்கை உயர்த்தவும் கோரியது. இந்தோனேசியாவின் 'கொன்ஃபுரொன்தாசி' எதிர்ப்பினால் 1963 செப்டம்பர் முதல் அந்நாட்டுடனான வணிகமும் அறுந்திருந்தது. தெற்கே கதவு அடைபட்டு, வடக்கே கதவு திறவாத நிலை அது.

கோப்பில் இருந்த ஏற்பாடு

இந்நிலையில் முன்னேற்பாடு என்று எதனைச் சொல்வது? கோ கெங் சுவீ 'அல்பட்ராஸ்' என்று பெயரிட்ட கோப்பொன்றில் கோலாலம்பூருடனான பேச்சுகளின் குறிப்புகளைத் திரட்டி வந்தார். கழுத்தில் தொங்கும் சுமை என்னும் பொருளிலேயே மலேசியாவை அப்பெயரால் குறித்ததாகப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். 1965 ஜூலையில் துன் ரசாக், டாக்டர் இஸ்மாயில் ஆகியோருடன் அவர் மறைவாகப் பேசினார். சட்ட வரைவை ஈ. டபிள்யூ. பார்க்கர் தயாரித்தார். ஆகஸ்ட் 7ஆம் நாள் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 9ஆம் நாள் உலகறிந்தது. ஆக, பொதுப்பணியாளரோ வணிகரோ தொழிற்சாலை உரிமையாளரோ ஆயத்தமாவதற்கு ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதற்காக முன்னேற்பாட்டையே துறந்த அரசு அது. அம்முடிவு சரியானதே என்பது என் கருத்து. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் அவ்வறையில் இருக்கவில்லை.

அவ்வுடன்படிக்கையின் பொருளியல் பகுதி மிகச் சிறியது. இரு நாடுகளும் பொருளியல் துறையில் ஒத்துழைக்கும், கூட்டுக் குழுக்களை அமைக்கலாம் என்று தொடங்கி, 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 'ஜே', 'கே' ஆகிய பின்னிணைப்புகள் நீக்கப்படுகின்றன என்று முடிகிறது. பன்னிரண்டு ஆண்டுத் திட்டம் ஒரு வாக்கியத்தில் கலைந்தது. ஜோகூர் நீர் உடன்படிக்கைகளுக்கு (1961, 1962) உறுதிப்பாடு வழங்கப்பட்டது, சந்தைக்கு வழங்கப்படவில்லை.

அரசின் முதல் எதிர்வினை அத்துணைச் சிறப்பானதன்று. இரு தரப்பும் ஒன்றன் பொருள்கள்மீது மற்றொன்று அளவுக் கட்டுப்பாடுகளை விதித்தன. ஏறத்தாழ ஒரு கோடி மக்களின் சந்தையை நம்பித் தொடங்கிய தொழில்கள் 19 இலட்சம் பேர் கொண்ட தீவிற்குள் அடைபட்டன. அவற்றைக் காக்கச் சுங்கவரியும் உயர்த்தப்பட்டது. இவ்வழி நெடுந்தூரம் செல்லாது என்பது விரைவில் புலனாயிற்று.

உண்மையான முன்னேற்பாடு வேறிடத்தில், வேறு நோக்கத்துடன் முன்னரே நிகழ்ந்திருந்தது. டச்சுப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையிலான ஐக்கிய நாடுகள் குழு 1960இல் வந்து, 1961இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது; ஹோன் சுயி சென் அதன் முதல் தலைவர். ஜூரோங்கில் குன்றுகளைச் சமன் செய்து, சதுப்பு நிலங்களைத் தூர்த்துத் தொழிற்பேட்டை அமைக்கப்பட்டது. மலாயாச் சந்தை கைகூடும் என்னும் நம்பிக்கை அதன் பின்னணியில் வலுவாக இருந்தது. தொழிற்சாலை மனைகள் நெடுநாள் வெறுமையாய்க் கிடந்தமையால் மக்கள் அதனைக் 'கோவின் மடமை' என்று எள்ளினர். சந்தை பறிபோன பிறகு எஞ்சியவை அந்த மனைகளும் துறைமுகமும் சாலைகளும் மின்சாரமும் கழகத்தின் பணியாளர்களுமே. 1968-69இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் வந்து, அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளுக்காக இங்கு உற்பத்தி செய்யத் தொடங்கின. மலாயாவை எண்ணி அமைத்த அடித்தளத்தின்மீது உலகச் சந்தைக்கான தொழில் எழும்பியது. இதனைத் தொலைநோக்கு என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. தொலைநோக்கோடு தற்செயலும் கலந்திருந்தது என்றுரைப்பதே நேர்மையாகும்.

கடற்பாலத்தின் இரு கரைகள்

சிராங்கூன் சாலைக்கு இவையெல்லாம் எவ்வாறு வந்து சேர்ந்தன? மளிகைக்கும் மசாலாப் பொருளுக்கும் பெரிய இடர் நேரவில்லை. தீர்வையற்ற துறைமுகத்தின் இயல்பு அவற்றைக் காத்தது. கட்டுப்பாடுகள் தாக்கியவை பெரும்பாலும் ஆலைப் பொருள்களையே. தேக்காக் கடைகளும் அவற்றின் வாடிக்கையாளரும் உணர்ந்தது சுங்கத்தை விடவும் எல்லையையே. ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து தீபாவளிக்குத் துணியெடுக்க வந்த குடும்பத்துக்கு 1967 வரை அடையாள அட்டை போதும். அவ்வாண்டு முதல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்னும் சட்டம் 1965இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அண்ணன் கோலாலம்பூரிலும் தம்பி சிங்கப்பூரிலுமாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எந்த நாட்டின் குடிமக்கள் என்பதைத் தீர்மானிக்க நேர்ந்தது. உடன்படிக்கையின் பொருளியல் பகுதியில் சரக்கைப் பற்றி ஒரு வாக்கியமேனும் உண்டு. மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பணமும் பிரிந்தது. 1967 ஜூன் 12 முதல் இரு நாடுகளும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டன. எனினும் வெள்ளிக்கு வெள்ளி மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு 1973 மே வரை நீடித்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளிலிருந்து மலாயா நகரங்களுக்குக் கணக்கு வைத்திருந்த செட்டியார்களுக்கு இந்த ஆறாண்டு இடைவெளி பேருதவியாக இருந்திருக்கும். கூட்டு விமான நிறுவனம் 1972இலும், கூட்டுப் பங்குச் சந்தை 1973இலும் பிரிந்தன. பிரிவு ஒரே நாளில் அறிவிக்கப்பட்டது. பிரித்தெடுக்கும் வேலை எட்டாண்டுகள் நடந்தது. இந்த மெதுவான பிரிப்பே, முன்கூட்டிக் கிடைக்காத இடைமாற்றக் காலத்தைப் பின்னர் ஓரளவு ஈடுசெய்தது.

அறிவிக்கப்பட்ட விலகல்கள்

அடுத்த விலகல் முன்னறிவிப்போடு வந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. 1971 இறுதி என்று காலக்கெடு முடிவாயிற்று. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். இம்முறை அரசு தளங்களின் பொருளியல் மாற்றத்துக்கெனத் தனித் துறையொன்றை அமைத்தது. தொழிலாளர்க்கு மறுபயிற்சி அளித்தது. கப்பல் பழுதுபார்க்கும் துறையைச் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாற்றியது. 1965இல் கற்றது 1968இல் பயன்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1965 ஆகஸ்ட் 7இல் பிரிவினை உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பத்துச் சிங்கப்பூர் அமைச்சர்களுள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினமும் ஒருவர், மனமொப்பாமலே கையொப்பமிட்டவர். ஈராண்டு ஒருநாள் கழித்து, 1967 ஆகஸ்ட் 8இல், பாங்காக்கில் ஆசியான் அறிக்கையில் சிங்கப்பூரின் சார்பில் கையொப்பமிட்டவரும் அவரே. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. 1992இல் ஆசியான் தடையற்ற வணிக வட்டாரத்துக்கான உடன்பாடு சிங்கப்பூரிலேயே கையொப்பமானபோது, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலான வரிக்குறைப்பு வேறொரு பெயரில் மீண்டும் தொடங்கியது.

பிரித்தானிய விலகலுக்குச் சிங்கப்பூர் செய்த ஏற்பாடும் இங்குச் சொல்லத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் சிங்கப்பூர் செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்படிக்கை 2019 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்தது. பிரிட்டன் அதன் பயனை இழக்கவிருந்த நிலையில், இடைமாற்றக் காலம் முடிவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 2020 டிசம்பர் 10இல், இரு நாடுகளும் தனி உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன் விதிகளில் மிகப்பெரும்பாலானவை ஐரோப்பிய உடன்படிக்கையிலிருந்தே எடுத்தாளப்பட்டவை. வரைவாளர்கள் புதிதாக எழுத வேண்டியிருந்தது மிகக் குறைவு.