ஷிப்ட் முடிந்த இரவும் குடும்பப் பயணமும்

ஆயுத பூசை, தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை ஆகியவை நெருங்கும்போது திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. சிலர் சொந்த ஊருக்குச் செல்கின்றனர். சிலர் ஏலகிரி, ஏற்காடு, உதகை எனப் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். உடைகள், தின்பண்டங்கள், மருந்துகள் என யாவும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்படுகின்றன. ஆயினும், வாகனம் ஓட்டுபவரின் உறக்கத்தைப் பற்றி மட்டும் எவரும் திட்டமிடுவதில்லை.

ஷிப்ட் முடித்து வீடு திரும்பி, உணவருந்தி, "பிள்ளைகள் உறங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள், சாலையில் நெரிசலும் இராது" என்று எண்ணி இரவிலேயே புறப்படுவது இங்குப் பலரின் வழக்கம். இவ்வழக்கத்தில் உள்ள ஆபத்தையும், பிள்ளைகளுடன் பாதுகாப்பாகப் பயணம் செய்யும் முறையையும் இங்கு விளக்க விரும்புகிறோம்.

விழித்திருக்கும் நேரமும் மூளையும்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் உறக்க அழுத்தம் கூடிக்கொண்டே செல்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருக்கு நிகராகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவோ 30 மில்லிகிராம் மட்டுமே. காலை ஷிப்டுக்காக நாலரை மணிக்கு எழுந்தவர் இரவு ஒன்பதரை மணிக்கே அந்நிலையை எட்டிவிடுகிறார். அவர் ஒரு துளி மதுவும் அருந்தியிருக்க வேண்டியதில்லை.

இத்துடன், உடலின் உட்கடிகாரமும் நள்ளிரவுக்குப் பின் விடியற்காலை வரை நம்மை உறக்கத்துக்கு இழுக்கிறது. அப்போது சில நொடிகள் மட்டும் நீடிக்கும் நுண்ணுறக்கம் ஏற்படலாம். கண்கள் திறந்தே இருந்தாலும் மூளை சாலையைக் காண்பதில்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நான்கு நொடிகளில் 100 மீட்டரைக் கடந்துவிடும்.

அடிக்கடி கொட்டாவி வருதல், கண்ணெரிச்சல், கடந்து வந்த சில கிலோமீட்டர்கள் நினைவில் இல்லாமை, வண்டி தடம் விலகுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் சிறிது நேரமே உதவும். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி ஒரு காபி அருந்திவிட்டு, 15 முதல் 20 நிமிடம் உறங்குவது ஓரளவு பயன் தரும். காபியின் விளைவு தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரமாகும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும். ஆயினும், இரவு முழுவதும் உறங்கி விடியலில் புறப்படுவதே சிறந்தது. இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் நன்கு உறங்கிய பின்னரே ஓட்ட வேண்டும். சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் உறக்கத்தை வரவழைக்கும். ஓட்டுபவர் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ளலாகாது.

மடி பாதுகாப்பான இருக்கை அன்று

உலகெங்கும் 5 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்தே என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், மடியிலுள்ள 10 கிலோ குழந்தையைப் பிடித்துக்கொள்வது ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். எந்தத் தாயின் கைகளாலும் அது இயலாது.

எனவே சிறு குழந்தைகளுக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையைப் பின்வரிசையில் பொருத்த வேண்டும். பின்னோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கலாகாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் செல்வது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ரூ.1,000 அபராதத்துக்கு உரியது.

இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை அழைத்துச் செல்லும்போது, ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. குடும்பமாக நெடுந்தூரம் செல்வதற்குப் பேருந்தோ ரயிலோ மேலானது.

வளரிளம் பிள்ளைகள்

பின்னிருக்கையில் பெல்ட் அணிய மறுப்போர் பெரும்பாலும் வளரிளம் பிள்ளைகளே. பெல்ட் அணியாதவர் தமக்கு மட்டுமின்றி முன்னிருப்பவருக்கும் ஆபத்து விளைவிப்பார் என்பதை எடுத்துரையுங்கள். அவர்களுக்கு ஒரு பொறுப்பும் அளிக்கலாம்: ஓட்டுபவரைக் கவனித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமை. அவர்கள் சொன்னால் பெரியவர்கள் மறுபேச்சின்றி நிறுத்த வேண்டும்.

ஊரில் உறவினரின் பைக்கைச் சிறுவரிடம் கொடுக்க வேண்டாம். 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால், பெற்றோரோ உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் ரூ.25,000 அபராதமும் பெறக்கூடும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையிலோ 70. உட்செவி அசைவை உணர, கண்கள் அசையாத கைபேசித் திரையில் பதிந்திருக்கும்போது, மூளைக்குக் கிட்டும் செய்திகள் முரண்பட்டுக் குமட்டல் உண்டாகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இது மிகுதி. மலையேறும் முன் எளிய உணவு அளியுங்கள். கைபேசியை வாங்கி வைத்துத் தொலைவிலுள்ள காட்சியைப் பார்க்கச் செய்யுங்கள்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பழச்சாறும் குளிர்பானமும் அதற்கு மாற்றாகா. சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனையை நாடுங்கள்.

தொடர் சிகிச்சையில் உள்ள பிள்ளைகள்

ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் மருந்துகளைப் பயண நாள்களைவிடச் சில நாள்களுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வைத்திருங்கள். மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்ல வேண்டாம். இரவுப் பயணத்தால் உறக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டக்கூடும். குளிர்ந்த மலைக்காற்று ஆஸ்துமாவைத் தூண்டலாம். ஆதலால் இன்ஹேலர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் காயமுறும் எவருக்கும், அவர் எம்மாநிலத்தவராயினும், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, வரையறுத்த தொகைக்குட்பட்டுக் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பணத்தை எண்ணித் தயங்க வேண்டாம்.

விடுமுறைக்கு விண்ணப்பிக்கும்போதே, புறப்படும் முன் ஓர் இரவு உறக்கத்துக்கும் இடம் வைத்துத் திட்டமிடுங்கள். பாட்டி வீட்டுக்கு ஆறு மணி நேரம் தாமதமாகச் சென்று சேர்வதால் பிள்ளைகளுக்கு எக்குறையும் நேராது.